கடல் உள்ளே வந்துவிட்டது என்று வீடியோ வந்தால்...

கேள்வி: குளச்சல் அருகே கடலோர ஊரில் இருக்கிறோம். மகன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் ஒருநாள் இரவு, ‘நம்ம ஊருக்குள் கடல் வந்துவிட்டது’ என்று ஒரு வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டான். நடக்க முடியாத மாமியாரைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு ஓடினோம். அது ஏதோ வெளிநாட்டுப் பழைய வீடியோ என்று மறுநாள்தான் தெரிந்தது. 2,500 ரூபாய் கொடுத்தால் அவன் பார்ப்பது, அனுப்புவது எல்லாம் என் போனில் தெரியும்படி ஆப் போட்டுத் தருவதாக செல்போன் கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். இந்த ஆப்பை ஏற்றுவதற்கு முன், பிளே ஸ்டோரில் இருக்கும் பாதுகாப்புச் சோதனையைக் கடைக்காரர் அணைத்துவிடுவார். அது அணைந்தால்தான் இது உள்ளே போகும். அப்புறம் மகனின் செய்திகள், படங்கள், இருக்குமிடம், வங்கியிலிருந்து வரும் ஓடிபி எல்லாம் யாரென்று தெரியாத ஒருவரின் கணினிக்குப் போய்ச் சேரும். கடவுச்சொல்லை உருவாக்கித் தந்தவரே கடைக்காரர்தான்; அவர் அதை மறந்துவிடுவார் என்று நம்புகிறீர்களா? பெண் பிள்ளையின் போனில் இதைப் போட்டுவிட்டு, பின்னால் அவளுடைய படங்களை வைத்து மிரட்டப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். மேற்பார்வை வேண்டுமென்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் இருக்கிறது. காசு கிடையாது. மகனுக்குத் தெரிந்தே, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போடுங்கள்.

இனி அந்த வீடியோ. உங்கள் மகன் கடற்கரையில் வளர்ந்தவன். என்னைவிட நன்றாகவே அவனால் அதைச் சோதிக்க முடியும். யாரும் அவனிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். வீடியோவை ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கரையில் நிற்கும் படகின் எண்ணில் தமிழ்நாட்டைக் குறிக்கும் ‘டிஎன்’ இருக்கிறதா? கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்கள் தெரிகின்றனவா? கடைப் பலகையில் என்ன எழுத்து? ஒரு பள்ளியில் இப்படி நிறுத்திக் காட்டியபோது, பின்வரிசையில் இருந்த பையன், “சார், இது நம்ம வள்ளமே இல்லை, அணியம் வேற மாதிரி இருக்கு” என்றான். அணியம் என்றால் படகின் முன்பகுதி. பத்து விநாடிகூட ஆகவில்லை. பிறகு அதே காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டோம். இந்தோனேசியாவின் பாலு நகரில் 2018 செப்டம்பரில் வந்த சுனாமி. வாட்ஸ்அப்பில் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கைகள் மாறி வந்தது என்று பொருள். அனுப்பியவர் சித்தப்பாவாக இருந்தாலும் எடுத்தவர் அவர் இல்லை.

ஆனால் இதில் ஒரு விலக்கு உண்டு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ‘சோதித்த பிறகே நம்பு’ என்ற பாடம் அரசின் கடல் எச்சரிக்கைக்குப் பொருந்தாது. வானம் வெளுத்திருக்கிறது, காற்று இல்லை, ஆகவே இது புரளி என்று பிள்ளைகள் கெட்டிக்காரத்தனமாக முடிவு கட்டுகிறார்கள். கள்ளக்கடல் அப்படித்தான் வரும். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, நாட்கள் கழித்து, காற்றே இல்லாத நம் கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது இத்தகைய எச்சரிக்கை விடப்பட்டிருந்த நேரத்தில்தான். ஆகவே ஐதராபாத்தில் இருந்து கடல் எச்சரிக்கை விடும் அரசின் இன்காய்ஸ் நிறுவனமோ, வானிலை ஆய்வு மையமோ, மாவட்ட நிர்வாகமோ சொன்னால் முதலில் மேட்டுக்குப் போங்கள். சந்தேகத்தை அங்கே போய்த் தீர்த்துக்கொள்ளலாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. குழுவில் வந்த வீடியோவுக்கு ஓடும் முன்னும் அந்த எண்ணுக்குத்தான் பேச வேண்டும்.

அந்த எச்சரிக்கையையும் யார் புரிந்துகொள்வது? ‘அலை உயரம் இத்தனை மீட்டர் முதல் இத்தனை மீட்டர் வரை’ என்று ஓர் அறிக்கையை பிடிஎஃப் ஆக்கிப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எந்தக் கரை, எத்தனை மணி, வள்ளத்தை எங்கே ஏற்றுவது என்று இரண்டு வரியில் எழுத ஓர் ஆள் இல்லை. 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது இந்த மாவட்டம் கொடுத்த விலைக்குப் பிறகும் இதே நிலைதான். பள்ளியில் ஆண்டுக்கு ஒருநாள் ‘வதந்தியைப் பரப்ப மாட்டேன்’ என்று கை நீட்டி உறுதிமொழி. மறுநாள் அதே ஆசிரியர் குழுவில் வதந்தி.

மகன் பார்க்கும் வீடியோக்கள் பற்றிச் சுருக்கமாக: ஒன்றைக் கடைசிவரை பார்த்தால் அதே மாதிரி பத்து வரும். வேண்டாததை அழுத்திப் பிடித்து ‘ஆர்வமில்லை’ என்று கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் வீடியோக்கள் அடிக்கடி கண்ணில் பட்டால் திட்டாதீர்கள். 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் ஆலோசகரிடம் பேசுங்கள். படத்தை வைத்து மிரட்டி யாராவது பணம் கேட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930. இணையத்திலிருந்து அதை நீக்கித் தருவதாக ஆயிரக்கணக்கில் கேட்கும் ‘ஏஜென்ட்’ பக்கமே போகாதீர்கள். அந்தந்தத் தளத்தில் இருக்கும் நீக்கும் படிவம் இலவசம். அவரும் அதைத்தான் நிரப்புவார்.

ஏற்கெனவே அந்த ஆப்பைப் போட்டுவிட்டீர்கள் என்றால், பிளே ஸ்டோரைத் திறந்து பாதுகாப்புச் சோதனையை மறுபடி இயக்குங்கள். வேண்டிய படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுதாக அழித்து முதல் நிலைக்குக் கொண்டுவாருங்கள். வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். இந்த வேலையை அதே கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள்.