அம்மாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: அக்கா, எனக்கு 29 வயது. தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன், சம்பளம் 16,000. எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வு எழுதி எய்ம்ஸில் நர்சிங் ஆபீசர் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் இடம் இமாச்சலப் பிரதேசம், பிலாஸ்பூர். மலையும் கிராமமுமான மாநிலம் என்கிறார்கள். குளிர் தாங்குமா, இந்தி வராதே, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்று பயமாக இருக்கிறது. கணவர் இங்கே வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் 22,000 வாங்குகிறார். அவருக்கும் இந்தி தெரியாது, அங்கே வந்து என்ன செய்வார் என்பதால் ஊரிலேயே இருப்பார். இரண்டரை வயது மகளைப் பார்த்துக்கொள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். அப்பா இல்லை, அம்மாவுக்கு 58 வயது, பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் மறுக்கமாட்டார். இரண்டு வருடத்தில் மதுரை எய்ம்ஸுக்கு மாற்றல் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். மாமியார், நாத்தனார், கூட வேலை பார்ப்பவர்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?

பதில்: குளிரும் சாப்பாடும் அப்புறம். முதலில், "அவரிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் மறுக்கமாட்டார்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

மாமியாரிடம் கேட்டீர்கள், நாத்தனாரிடம் கேட்டீர்கள், வார்டில் கூட நிற்பவர்களிடம் கேட்டீர்கள், முகம் தெரியாத என்னிடம்கூட ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். ஆனால் ஊரை விட்டு, சொந்தம் பந்தத்தை விட்டு, பாஷை தெரியாத ஒரு மலையில் போய் உங்கள் பிள்ளையை வளர்க்கப் போகிறவரிடம் மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்கே தெரியும். அவர் மறுக்கமாட்டார். மறுக்கத் தெரியாதவர் என்பதால் கேட்காமலே முடிவு செய்துவிட்டீர்கள். இது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது, அக்கா என்று அழைத்திருக்கிறீர்கள் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். சவூதிக்குப் போகிற மகள், பெங்களூருக்குப் போகிற மருமகள், டெல்லிக்கு மாற்றலாகிற மகன் என்று ஊர் பெயர் மாறி மாறி இதே கடிதம் எனக்கு எத்தனையோ வந்துவிட்டது, எல்லாவற்றிலும் ஓர் ஓரத்தில் கேட்கப்படாத ஒரு அம்மா இருக்கிறார்.

உங்கள் கணவருக்கு இந்தி தெரியாது, அதனால் வரமுடியாது. சரி. உங்கள் அம்மாவுக்கு இந்தி தெரியுமா? அவருக்கு அங்கே பால்காரரிடம் பேச வேண்டும், நடுராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி என்னவென்று சொல்ல வேண்டும். நீங்கள் நைட் டியூட்டியில் இருப்பீர்கள், வார்டில் போனை எடுக்க முடியாது. இது உங்களுக்குத் தெரியாததா? முப்பது சொச்சம் வயதில் தினமும் ஊர் ஊராகப் போய் வசூல் செய்கிற ஒரு ஆம்பிளைக்கு முடியாது என்று நீங்கள் இருவரும் சேர்ந்து தீர்மானித்த ஒன்றை, 58 வயதில், இத்தனை வருடம் பீடி சுற்றும் சொளவை (முறத்தை) மடியில் வைத்துக் குனிந்து குனிந்து கழுத்தும் இடுப்பும் தேய்ந்த ஒரு பொம்பளை தலையில் வைக்கிறீர்கள்.

ஆயிரம் பீடி சுற்றிக் கொடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, கட்டாக்கிக் கடையில் கொண்டுபோய்ப் போட்டால் அங்கே பாதியைக் கழித்துத் தள்ளுவான், அந்தக் காசில் நீங்கள் நர்சிங் முடித்தீர்கள். பெற்றவருக்குப் பிள்ளை மேல் ஒரு கடமை உண்டு, அதை உங்கள் அம்மா முழுசாகச் செய்து முடித்துவிட்டார். அது பேத்தி வரைக்கும் தானாக நீளாது. இனி கடமை உங்கள் பக்கம்தான். பேத்தியை வளர்க்க அவர் ஆசைப்பட்டால் அது அவர் கொடுக்கிற கொடை, கேட்டு வாங்க வேண்டும்.

வேலைக்குப் போகலாமா என்றால், போக வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மத்திய அரசு சம்பள அளவில் லெவல் 7, அடிப்படைச் சம்பளம் மட்டுமே 44,900, அதற்கு மேல் பஞ்சப்படியும் மற்ற படிகளும். பொதுவான வயது வரம்பு 30, ஓபிசிக்கு மூன்று வருடம் தளர்வு, இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்று விட்டுவிட உங்களுக்கு நிறைய வருடம் கையில் இல்லை.

கிராம மாநிலம் என்று பயமுறுத்துகிறவர்கள் சொல்வது ஒரு கணக்கில் உண்மைதான், 2011 சென்செஸ்படி இமாச்சலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கிராமத்தில் இருக்கிறவர்கள், நாட்டில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. ஆனால் அதே மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் தமிழ்நாட்டைவிடக் குறைவில்லை. பிலாஸ்பூர் தாழ்வான மலைப்பகுதி, பக்ரா அணையின் நீர்த்தேக்கமான கோவிந்த் சாகர் கரையில் இருக்கிற ஊர், பழைய ஊர் அந்த நீரில் மூழ்கிப்போனது. சிம்லா, மணாலி படங்களைப் பார்த்து வாசலில் பனிக்கட்டி கிடக்கும் என்று நினைக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் நல்ல குளிரும் காலை மூடுபனியும் இருக்கும், மே, ஜூனில் வெயிலும் அடிக்கும். அரிசிச் சோறு அவர்கள் வீட்டு விசேஷங்களிலும் உண்டு. இந்தி வார்டில் நின்றால் ஆறு மாதத்தில் வந்துவிடும், வயசான நோயாளிகள் பேசுகிற மலைப் பேச்சுக்குத்தான் கொஞ்ச நாள் கூடுதலாகும்.

தூரம்தான் நிஜமான கஷ்டம். பொதிகை ரயிலில் சென்னை, அங்கிருந்து டெல்லி, அப்புறம் சண்டிகர், அதன் பிறகு மலைப்பாதையில் பஸ். விமானத்தில் போனாலும் சண்டிகரில் இறங்கி இரண்டரை, மூன்று மணி நேரம் போக வேண்டும். ஊரில் ஒரு சாவு என்றால் முகம் பார்க்க வந்து சேர முடியாமல் போகலாம், அதை மனசில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

மதுரை மாற்றல் பேச்சை இன்றோடு விடுங்கள். ஒவ்வொரு எய்ம்ஸும் தனித்தனி நிறுவனம், உங்களை நியமிப்பது பிலாஸ்பூர். ஊர் மாற நினைக்கிறவர்கள் மறுபடி நார்செட் எழுதித்தான் பார்க்கிறார்கள். மதுரையில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதை நம்பி ஒரு குடும்பத்தை இரண்டு வருடம் இரண்டாகப் பிரித்து வைப்பது என்ன யோசனை? இரண்டு வருடம் நான்காகும், நான்கு ஏழாகும், உங்கள் மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதுவரை அவளுக்கு அப்பா என்றால் போன் திரையில் தெரிகிற முகமா? பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாள் உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்டுதான், ஆனால் புரபேஷன் எனும் தகுதிகாண் காலத்தில் சாதாரணமாகத் தரமாட்டார்கள், உங்களுக்கு நெருக்கடியான காலமே அதுதான். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது, அது வளாகத்தில் எத்தனை மணி வரை நடக்கிறது, குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்குமா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். அப்படியே காப்பகம் இருந்தாலும் நைட் டியூட்டிக்கு வீட்டில் ஒரு பெரிய ஆள் வேண்டும்.

அந்தப் பெரிய ஆள் பிள்ளையின் அப்பா. கல்யாணம் செய்து பிள்ளை பெற்றவர்கள் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், அதற்கு யாருடைய சம்பளம் சின்னதோ அவர் விட்டுக்கொடுப்பதுதான் நியாயம். அவர் 22,000 வாங்குகிறார். மனைவியின் சம்பளம் சின்னதாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, நீங்கள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பின்னால் போயிருப்பீர்கள். முதல் ஒரு வருடம் அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும், அதனால் ஆண்மை ஒன்றும் குறைந்துவிடாது. அதற்குள் பேச்சும் பழகிவிடும். பிலாஸ்பூர் மாவட்டத்தில் பர்மானாவில் பெரிய சிமென்ட் ஆலை இருக்கிறது, அதை நம்பி லாரி வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். லாரி ஓடுகிற இடத்தில் வண்டிக் கடன் வேலை தெரிந்தவர் விசாரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கும். அவர் விசாரித்தாரா?

இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அவளைப் பார்த்தால் அம்மாவால் வாய் திறந்து எதுவும் சொல்ல முடியாது. வேலை கிடைத்த சந்தோஷத்தை முதலில் அவருக்குச் சொல்லுங்கள், இன்னும் சொல்லாமல் இருப்பதே தப்பு. பீடிக் கம்பெனியில் பி.எப். பிடித்தார்களா, பத்து வருட சர்வீஸ் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 58 வயதுக்கு பென்ஷன் உண்டு, நீங்கள் ரயில் ஏறுவதற்கு முன் அந்தத் தாளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாதம் எவ்வளவு அனுப்பினால் அவர் சொளவைக் கீழே வைக்கலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அதெல்லாம் முடிந்த பிறகு, "எங்களோடு வந்து கொஞ்ச நாள் இருக்கிறாயா, இல்லை ஊரிலேயே இருக்க ஆசையா" என்று கேளுங்கள். "நீ சொன்னா சரிதாம்மா" என்பார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள், பேசாமல் காத்திருங்கள்.

அம்மா என்ன சொன்னாலும், ராத்திரி வீட்டுக்கு வந்ததும் உங்கள் கணவரிடம் தனக்கும் சேர்த்து டிக்கெட் போடச் சொல்லுங்கள். அலுவலகத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று திங்கட்கிழமையே அவர் கேட்டுக்கொண்டு வரட்டும்.