காயின்தாவா, ஒர்திகாஸா? மணிலா வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: மணிலாவில் ஒர்திகாஸ் பகுதியில் உள்ள ஒரு நிறுவனம் எனக்குக் கணக்குப் பிரிவு மேலாளர் வேலை தருகிறது. சம்பளம் 1,00,000 பெசோ. அதை மாதம் இரண்டு முறையாகப் பிரித்துத் தருவார்களாம். '13-ஆம் மாதச் சம்பளம்' என்று ஒன்றும் உண்டாம். வீடு நானே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கிருக்கும் தோழி, காயின்தாவில் வாடகை குறைவு, இங்கேயே வந்துவிடு என்கிறாள். நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். எதையெல்லாம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (ஈரோடு வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது 'மேலாளர்' என்ற சொல்லில். மணிலாவில் சில ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். பதவிப் பெயர் பெரிதாக இருந்தால் அங்கே சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் இதுதான். 13-ஆம் மாதச் சம்பளம் முதலாளி மனமிரங்கித் தரும் போனஸ் இல்லை. 1975-இல் பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த ஃபெர்டினாண்ட் மார்கோஸ் போட்ட 851-ஆம் எண் ஆணைப்படி வந்த சட்ட உரிமை. டிசம்பர் 24-க்குள் கைக்கு வந்தாக வேண்டும். ஆனால் சட்டம் அதைச் சாதாரண ஊழியர்களுக்குத்தான் உறுதி செய்கிறது, மேலாளர்களுக்கு இல்லை. ஓவர்டைம், இரவு 10 முதல் காலை 6 வரை வேலை பார்த்தால் கிடைக்கும் 10 சதவீதக் கூடுதல் ஆகியவையும் அப்படியே. நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் மேலாளருக்கும் 13-ஆம் மாதத்தைக் கொடுத்துவிடும். இருந்தாலும் உங்களிடம் வாயால் சொன்னதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அந்த 1,00,000 முழுவதும் அடிப்படைச் சம்பளமா என்று பாருங்கள். 13-ஆம் மாதம் என்பது அந்த ஆண்டில் நீங்கள் வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஜூலையில் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாத அடிப்படை 6,00,000 என்றால் டிசம்பரில் 50,000 வரும். அதையே 60,000 அடிப்படை, 40,000 அலவன்ஸ் என்று உடைத்துப் போட்டிருந்தால் 30,000தான். மாதாமாதம் கைக்கு வருவதில் பெரிய வித்தியாசம் தெரியாது, டிசம்பரில்தான் தெரியும். 90,000 பெசோ வரை இதற்கு வருமான வரி கிடையாது என்பதால் இழப்பு இன்னும் கொஞ்சம் உறைக்கும்.

சரி, மாதம் எவ்வளவு கையில் நிற்கும்? 2025 விகிதப்படி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,00,000 அடிப்படையில் சமூகப் பாதுகாப்பு நிதியான எஸ்.எஸ்.எஸ்.ஸுக்கு உங்கள் பங்கு 1,750, ஃபில்ஹெல்த் மருத்துவக் காப்பீட்டுக்கு 2,500, பாக்-இபிக் வீட்டு நிதிக்கு 200. ஆக 4,450 போகும். மிச்சத்தில் ஆண்டுக்கு முதல் 2,50,000-க்கு வரி இல்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, உங்கள் சம்பளத்தின் மேல்தட்டு 25 சதவீதத்தில் நிற்கும். மாத வரி 15,760 பெசோ அளவில் வரும். கையில் சுமார் 79,800.

அதை இரண்டாக வெட்டி 15-ஆம் தேதி ஒரு பாதி, 30-ஆம் தேதி ஒரு பாதி தருவார்கள். இரண்டு சம்பளத்துக்கு நடுவே 16 நாளுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். பிடித்தங்களைச் சில இடங்களில் ஒரே பாதியில் கழிப்பார்கள், ஒரு பாதி இளைத்து வந்தால் பயப்பட வேண்டாம். இன்னொன்று, ஒவ்வொரு பாதிக்கும் 'கட்-ஆஃப்' தேதி உண்டு. அதைத் தாண்டிச் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த முறைதான்.

ஊரே இந்த 15, 30 கணக்கில்தான் மூச்சு விடுகிறது. சம்பளத்துக்கு முந்தைய வறண்ட நாட்களுக்கு 'பெட்சா டி பெலிக்ரோ' என்று பெயர், அதாவது ஆபத்தான தேதி. நம் மாதக் கடைசி அவர்களுக்கு மாதம் இரண்டு முறை வருகிறது! சம்பள நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்து, மழையும் சேர்ந்துகொண்டால், அன்று மாலை எட்ஸா நெடுஞ்சாலைப் பக்கம் தலைகாட்டாதீர்கள். அலுவலகத்திலேயே ஒரு படம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

விடுப்பு விஷயத்தில் சட்டம் கஞ்சம். ஓராண்டு முடித்தவருக்கு 5 நாள், அதிலும் மேலாளர் சேர்த்தி இல்லை. ஆகவே விடுப்பு நாட்களையும் ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டையும் இப்போதே பேசி எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த பிறகு பேசினால் சிரித்த முகத்தோடு 'டிரை பண்ணுகிறோம் மேம்' என்பார்கள். அந்த 'டிரை' பெரும்பாலும் இல்லை என்பதன் மரியாதையான வடிவம். நீங்கள் வேலை சொல்லும்போது பதிலாக வரும் 'டிரை'யையும் அப்படியே எடுத்துக்கொண்டு, எதில் சிக்கல் என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் சொல்வார்கள். எல்லார் முன்னாலும் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

விசாவும் வேலை அனுமதியும் நிறுவனத்தின் பொறுப்பு. தொழிலாளர் துறை தரும் வெளிநாட்டவர் வேலை அனுமதி, பிறகு 9(ஜி) விசா, அதோடு ஏ.சி.ஆர். ஐ-கார்டு என்ற அடையாள அட்டை. பலர் மறந்துபோய் அபராதம் கட்டுவது வேறு ஒன்றுக்கு: ஒவ்வோர் ஆண்டும் முதல் 60 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் ஆண்டுப் பதிவு செய்ய வேண்டும்.

இப்போது காயின்தா. வரைபடத்தில் பார்த்தால் ஒர்திகாஸுக்குப் பக்கத்து வீடு மாதிரித் தெரியும், உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் இணைக்கும் ஒர்திகாஸ் நீட்டிப்புச் சாலையில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தவர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். நான் ஒரு வருடம் அந்தப் பக்கம் குடியிருந்தேன். போக ஒன்றரை மணி, வர அதற்கும் மேல். மிச்சம் பிடித்த வாடகையைத் தூக்கத்தில் கட்டினேன்.

இரண்டாவது பிரச்சினை வெள்ளம். 2009 செப்டம்பர் 26 அன்று ஒன்டோய் புயல் கொட்டிய மழையில் மரிகினா, பாசிக், காயின்தா எல்லாம் மூழ்கின. அங்கே வீடு பார்த்தால் தரகரிடம் கேட்காதீர்கள். வாசலில் இருக்கும் காவலாளியிடமோ எதிர்ப்பக்கப் பெட்டிக்கடை அம்மாவிடமோ 'ஒன்டோய் சமயத்தில் தண்ணீர் எதுவரை வந்தது?' என்று கேளுங்கள். கையை மார்புவரை தூக்கிக் காட்டுவார்கள், அல்லது இரண்டாவது மாடியைக் காட்டுவார்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

(நம் ஊர்க்காரர் காயின்தாவில் குடியேறுவது புதிதல்ல. 1762-இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கப் படை கிளப்பியது மதராஸிலிருந்து. கூடப் போன சிப்பாய்களில் சிலர், படை திரும்பியபோது திரும்பாமல் காயின்தாவிலேயே கல்யாணம் செய்து தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்த குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களுக்கு ஒர்திகாஸில் அலுவலகம் இல்லை, அது வேறு கதை.)

என் யோசனை, வாடகை கூடினாலும் மண்டலுயோங்கிலோ பாசிக்கின் கபிதோல்யோ பக்கமோ சின்ன ஸ்டூடியோ எடுங்கள். நடந்தே போகலாம், அல்லது எம்.ஆர்.டி. 3 ரயிலில் இரண்டு மூன்று நிறுத்தம். முன்பெட்டியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. போனதும் 'பீப்' என்கிற ரயில் பயண அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கையில் மூன்று மாத வாடகை வேண்டும்: ஒரு மாதம் முன்பணம், இரண்டு மாதம் டெபாசிட். அதோடு வீட்டுக்காரர் ஓராண்டுக்கும் சேர்த்துப் பின்தேதியிட்ட காசோலைகள் கேட்பார். காசோலைக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு ஐ-கார்டு கேட்பார்கள், ஐ-கார்டு வர வாரங்கள் ஆகும். இந்தச் சுழலில் சிக்காதவர் இல்லை. முதல் சில மாதங்களுக்கு வங்கிப் பரிமாற்றத்தை ஏற்கும் வீட்டுக்காரரைத் தேடுங்கள், அல்லது நிறுவனத்தையே ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லுங்கள். குடியிருப்புச் சங்கக் கட்டணம் யார் தலையில் என்பதையும் கேட்டு எழுதிவிடுங்கள்.

ஜீப்னி என்கிற ஷேர் வண்டியில் ஏற ஒருநாள் ஆகும், பழக ஒரு வாரம். இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு, முழங்கால் எதிரே இருப்பவர் முழங்காலில் இடிக்கும். கண்டக்டர் கிடையாது. காசை நீட்டி 'பயாத் போ' என்று சொன்னால் பக்கத்திலிருப்பவர் வாங்கி அடுத்தவருக்கு, அவர் அடுத்தவருக்கு, கடைசியில் டிரைவர் கைக்குப் போகும். சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஒரு பெசோ குறைந்து நான் பார்த்ததில்லை. இறங்க 'பாரா போ'. குறைந்தபட்சக் கட்டணம் 2023 அக்டோபரில் 13 பெசோ ஆனது. காலையில் 500 பெசோ நோட்டை நீட்டினால் வண்டியே திரும்பிப் பார்க்கும். அந்த 'போ' நம் 'ங்க' மாதிரி, கொங்குக்காரரான உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரைவர், காவலாளி எல்லாரும் 'கூயா', அண்ணன். கடைக்காரப் பெண் 'ஆதே', அக்கா.

இனி சாப்பாடு. பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் முதல் மாதம் ஏமாறுவீர்கள். அங்கே மூன்று வேளையும் சோறு. காய்கறிக்கும் பஞ்சமில்லை: கத்தரிக்காய், பாகற்காய், காராமணி, வெண்டை, வள்ளல்கீரை, ஏன், முருங்கைக்கீரைகூட. அதன் பெயர் மலுங்கை. சந்தையில் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. மாங்காய்க்கு மங்கா என்பார்கள்.

சிக்கல் காயில் இல்லை, வாசனைக்குப் போடுவதில்தான். 'பினாக்பெட்' பார்க்க நம் வீட்டுக் கதம்பக் கூட்டு, ஆனால் அதன் உயிர் 'பாகோஓங்' என்கிற இறால் விழுது. 'லாயிங்' தேங்காய்ப் பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலை, உள்ளே பன்றித் துண்டோ இறாலோ இருக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தெருமுனைச் சாப்பாட்டுக் கடைகளில் பாசிப்பயறுக் குழம்பு கொதிக்கும், பெயர் 'முங்கோ'. கத்தோலிக்க நாடு, வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் பழக்கத்தில் வந்தது. ஆஹா என்று நான் ஒரு தட்டு வாங்கிக் கரண்டியை விட்டுக் கிளறினேன். அடியிலிருந்து கருவாடு எட்டிப் பார்த்தது. கேட்டதற்கு அந்த அக்கா, 'இறைச்சி இல்லையே, மீன்தானே' என்றார். அவர் கணக்கில் சரிதான்.

அதனால் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை நம்பாதீர்கள். இல்லாததைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: 'வலாங் கர்னே, வலாங் இஸ்தா, வலாங் ஹிபோன், வலாங் பாகோஓங், வலாங் பாதிஸ்'. இறைச்சி, மீன், இறால், இறால் விழுது, மீன் சாறு எதுவும் வேண்டாம். ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டால் அவர்களுக்கும் சிரிப்பு, உங்களுக்கும் சோறு. முட்டை சாப்பிடுவீர்கள் என்பதால் 'தோர்தாங் தலோங்' உங்களைக் காப்பாற்றும். சுட்ட கத்தரிக்காயை நசுக்கி, அடித்த முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. கொத்துக்கறி சேர்க்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். காலையில் தெருவில் 'தஹோஓஓ' என்று நீட்டி ஒரு குரல் வரும். தோள்கம்பின் இரண்டு முனையிலும் அலுமினிய வாளிகள், ஒன்றில் சூடான மெல்லிய சோயாத் தயிர், இன்னொன்றில் வெல்லப்பாகும் ஜவ்வரிசியும். கோப்பையோடு இறங்கி ஓடுங்கள். டிசம்பரில் அதிகாலைப் பூசை முடிந்து வெளியே வந்தால் தேவாலய வாசலில் 'பூத்தோ பும்போங்', மூங்கில் குழாயில் வெந்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் தூவிய ஊதா நிறக் குழாய்ப்புட்டு. மேலே மார்கரின் தடவுவதை மட்டும் மன்னித்துவிடுங்கள்.

வீட்டில் சமைப்பதுதான் நிரந்தர வழி. பாக்கோ பகுதியில், யுனைடெட் நேஷன்ஸ் அவென்யூ பக்கம் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. கோயிலும் குருத்வாராவும் அங்கேதான். ஊரிலிருந்து குக்கர் கொண்டுபோனால் இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ளதாக எடுங்கள். அடுக்குமாடிகள் பலவற்றில் கேஸ் சிலிண்டருக்கு அனுமதி இல்லை. மின்சாரம் 220 வோல்ட்தான், ஆனால் பிளக் தட்டையான இரண்டு முள், அடாப்டர் வேண்டும்.

அலுவலகத்தில் ஒரு வழக்கத்துக்கு மட்டும் பணம் எடுத்து வையுங்கள். பிறந்தநாள் வந்தால் மற்றவர்கள் உங்களுக்கு வாங்கித் தர மாட்டார்கள், நீங்கள்தான் அவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். நீண்ட ஆயுளுக்காக 'பான்சித்' நூடுல்ஸ் கட்டாயம். நம் முறம் மாதிரி ஒரு வட்டத் தட்டில், 'பிலாவோ' என்பார்கள், வாழை இலை விரித்துக் கட்டித் தருவார்கள். உங்கள் குழுவுக்கு இரண்டு பிலாவோ சொல்லுங்கள். மூன்றாவதாகச் சின்னது ஒன்று, வலாங் கர்னே, வலாங் ஹிபோன் என்று மேலே எழுதி ஒட்டச் சொல்லி வாங்குங்கள். ஒட்டவில்லை என்றால் அதையும் அவர்களே காலி செய்துவிடுவார்கள்.