கோடை இடிமழையை அளக்க எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடியோடு பெய்யும் மழையைத் தினமும் குறித்து வைக்க ஆசை. கையால் அளக்கும் மழைமானி போதுமா? வைஃபையில் ஓடும் தானியங்கி வானிலைக் கருவி வாங்க வேண்டுமா? 15,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: முதல் ஒரு வருஷத்துக்குக் கையால் அளக்கும் மழைமானியே வாங்குங்கள். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மீதிப் பணம் பையிலேயே இருக்கட்டும். இந்தப் பொழுதுபோக்கில் பணத்தைவிட இடமும் விடாமல் எழுதும் பழக்கமும்தான் முக்கியம்.

நீங்கள் இருப்பது இதற்கு அருமையான ஊர். காலையிலிருந்து காய்ந்த நிலம் சூடேறி, காற்று மேலே எழும்பி, வங்கக் கடல் பக்கமிருந்து வரும் ஈரமும் சேர்ந்தால் மூன்று நான்கு மணிக்குள் சேர்வராயன் மலைப் பக்கம் மேகம் கோபுரமாக வளர்ந்துவிடும். ஆனால் கோடை மழை ஊர் முழுக்கப் பெய்வதில்லை. அம்மாப்பேட்டையில் தெருவில் தண்ணீர் ஓடும், சூரமங்கலத்தில் தூசிகூட அடங்கியிருக்காது. அரசு மழைமானி இருக்கும் இடத்தில் 2 மி.மீ. என்று பதிவாகி, உங்கள் வீட்டில் 40 மி.மீ. பெய்திருந்தால், அந்த 40 உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்கும். வீட்டுப் பதிவுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பது இதனால்தான்.

வாங்கும்போது வாயின் அகலத்தைப் பாருங்கள். விரல் தடிமனில், தோட்டத்தில் குத்தி வைக்கிற சின்னக் குழாய்கள் வேண்டாம். இடிமழை காற்றோடு சாய்ந்து அடிக்கும், அதைக் குறுகிய வாய் சரியாகப் பிடிக்காது. பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத வாய், கூரான விளிம்பு, உள்ளே மெல்லிய அளவுக்குழாய், அது நிரம்பினால் வழிவதைப் பிடிக்க வெளியே ஒரு உருளை என்று இருப்பதுதான் நல்ல அமைப்பு. மொத்தக் கொள்ளளவு 150 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டாலே வானிலைத் துறைக் கணக்கில் அது கனமழை. நம் ஊர் மேகங்களுக்கு அது பெரிய காரியமே இல்லை.

வாங்கி வந்ததும் அச்சடித்த கோடுகளை நம்பிவிடாதீர்கள். நான் முதலில் வாங்கிய பிளாஸ்டிக் மானியில் 20 என்ற கோடு வரை தண்ணீர் நிரப்பி அளந்தால், கணக்குக்கு அது 17தான். மூன்று மாதப் பதிவைத் திருத்த வேண்டியதாயிற்று. சோதிப்பது சுலபம். வாயின் உள்விட்டத்தை ஸ்கேலால் அளந்து, பாதியை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 3.14 ஆல் பெருக்குங்கள். அதுதான் பரப்பு. விட்டம் 11.3 செ.மீ. என்றால் பரப்பு 100 சதுர செ.மீ. வரும். அப்படியானால் 1 மி.மீ. மழைக்கு 10 மில்லி தண்ணீர். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் 100 மில்லி அளந்து ஊற்றினால் சரியாக 10 மி.மீ. கோட்டில் நிற்க வேண்டும். நிற்கவில்லையா, திருப்பிக் கொடுங்கள்.

சுவரும் மரமும் எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். தரையில் வைத்தால் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மொட்டைமாடிதான் கதி என்றால் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்காமல் நடுவில் வையுங்கள்.

தினமும் காலை 8.30க்கு அளந்து எழுதுங்கள். நாடு முழுக்க வானிலைத் துறை அளக்கும் நேரம் அதுதான். 14ஆம் தேதி சாயங்காலம் பெய்தது 15ஆம் தேதி காலைக் கணக்கில் வரும். இதைக் கவனிக்காமல்தான் பலர் தங்கள் மானி தப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஒன்று: மழையே இல்லாத நாளிலும் 0 என்று எழுதுங்கள். வெற்று இடமாக விட்டால், மழை இல்லையா, நீங்கள் ஊரில் இல்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

கேள்வி: ஒரு வருஷம் கையால் அளந்துவிட்டேன். இப்போது தானியங்கிக் கருவி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது? (ஈரோடு வாசகர்)

பதில்: தாராளமாக வாங்கலாம். ஒரு வருஷம் விடாமல் எழுதியவருக்கு அது நல்ல துணை. எத்தனை நிமிஷத்தில் எவ்வளவு பெய்தது என்பதைக் கைமானி சொல்லாது. இடிமழையில் மனசு துடிப்பது அதற்காகத்தானே.

முதலில் அலைவரிசையைக் கேளுங்கள். வெளியே இருக்கும் உணரி (சென்சார்) வீட்டுக்குள் இருக்கும் திரைக்கு ரேடியோ அலையில் தகவல் அனுப்புகிறது. அமெரிக்காவுக்குச் செய்த ரகத்தில் அது 915 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் உரிமமில்லாமல் பயன்படுத்த ஒதுக்கிய அலைவரிசை அது அல்ல. 433 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருகிறார் என்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, பதிவுகள் யார் கையில் இருக்கும்? சில கருவிகள் கம்பெனியின் சர்வருக்கு மட்டும் அனுப்பும். கம்பெனி அந்தச் சேவையை நிறுத்தினாலோ காசு கேட்டாலோ உங்கள் வருஷக்கணக்கான உழைப்பு போச்சு. பதிவை உங்கள் கம்ப்யூட்டரில் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா என்று வாங்குமுன் உறுதி செய்யுங்கள். உணரி தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். நம் வெயிலில் பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்கும்.

இவற்றில் பெரும்பாலானவற்றில், புனலிலிருந்து விழும் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி நிறைந்து கவிழும்போது ஒரு எண்ணிக்கை ஏறும். கொட்டித் தீர்க்கும் மழையில் கரண்டி கவிழும் நேரத்திலேயே தண்ணீர் நழுவிவிடுவதால் அளவு குறைவாகக் காட்டும். அதனால் பழைய கைமானியைத் தூக்கிப் போட வேண்டாம். பக்கத்திலேயே இருக்கட்டும், நாளின் மொத்தக் கணக்குக்கு அதையே நம்புங்கள். மார்ச் மாதக் கடைசியில் புனலைக் கழற்றிப் பாருங்கள். தூசி, எறும்பு, சிலந்தி வலை எல்லாம் அடைத்துக்கொண்டு, ஆவலோடு காத்திருந்த முதல் மழையில் 0 காட்டும்.

கேள்வி: வீட்டுக் கருவியில் மே மாத மதியம் 46 டிகிரி காட்டுகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்று 40தான். கருவி கோளாறா? (சென்னை வாசகி)

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு, வைத்த இடம்தான் காரணம். நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்ச வெப்பமே 2003 மே 31 அன்று வந்த 45 டிகிரிதான். உங்கள் வீட்டில் 46 என்றால் அது காற்றின் சூடு இல்லை, காங்கிரீட் தளத்தின் சூடு. ஒருநாள் விடியற்காலையில் இரண்டு அளவுகளையும் ஒப்பிடுங்கள். அப்போது கிட்டத்தட்ட ஒத்துப்போய் மதியம் மட்டும் எகிறினால் கருவி நல்லதுதான். வெள்ளைத் தட்டுகளை அடுக்கினாற்போல் இருக்கும் வெயில் மறைப்பு ஒன்று வாங்கி, சுவரிலிருந்து தள்ளி, மண்தரைக்கு மேலே ஆளின் நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள்.

கேள்வி: மின்னல் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மோட்டார் ஓடினாலும் சில எல்இடி விளக்கு போட்டாலும் அது மின்னல் என்று கத்தும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி இலவசம். அதுவும் இல்லாவிட்டால், மின்னியதிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுங்கள், கிலோமீட்டர் வந்துவிடும். ஒன்று மட்டும் தயவுசெய்து கேளுங்கள்: மழை எவ்வளவு என்று பார்க்கும் ஆசையில் இடிக்கும்போது மாடிக்குப் போகாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகட்டும். மானியில் இருக்கும் தண்ணீர் எங்கேயும் போய்விடாது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய வானிலைக் கருவியில் காற்றுமானி சுழலவே இல்லை. 'பேக்கைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள். என்ன செய்வது? (மதுரை வாசகர்)

பதில்: பழுதான பொருளைத் திருப்பி எடுக்க மறுக்க விற்பனையாளருக்கு உரிமை இல்லை. 2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பிரித்துப் பார்க்காமல் பழுது எப்படித் தெரியும்? அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போனில் மட்டும் பேசிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். காற்றடிக்கும்போது அது சுழலாமல் நிற்பதை ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள். அவர்கள் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: காசு கட்டும் ரேடார் செயலி தேவையா?

பதில்: இப்போதைக்குத் தேவையில்லை. வானிலைத் துறையின் ரேடார் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேள்வி: பழைய பித்தளை மழைமானி ஒன்று பழைய சாமான் கடையில் விலைக்கு வந்திருக்கிறது. வாய் ஐந்து அங்குலம். அளவுக்குவளை இல்லை. வாங்கலாமா? (குன்னூர் வாசகர்)

பதில்: விலை கட்டினால் விடாதீர்கள். அது சைமன்ஸ் வகையாக, அதாவது நம் நாட்டில் வானிலைத் துறை பயன்படுத்தி வந்த ஐந்து அங்குல வாய் கைமானியாக இருக்கலாம். விளிம்பு நசுங்காமல் வட்டமாக இருக்கிறதா என்று குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள், இரண்டும் 12.7 செ.மீ. வர வேண்டும். உள்ளே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்து, ஒழுகுகிறதா என்று பாருங்கள். குவளை இல்லாதது குறையே இல்லை. வேறு மானியின் குவளையை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள், கணக்கு மாறிவிடும். மில்லி போட்ட சாதாரண ஜாடியில் அளந்து 12.7 ஆல் வகுங்கள். 127 மில்லி இருந்தால் 10 மி.மீ. மழை.