உசாத்துணைப் பட்டியல்: சமூகவியல் ஆய்வாளர்களின் கேள்விகளும் பதில்களும்

சமூகவியல் கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியல், அதாவது கட்டுரையில் சுட்டிய மூலங்களின் பட்டியல், குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பதில்கள் அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் ஏ.எஸ்.ஏ. நடையை, அதாவது மூலங்களைக் குறிக்க அது வகுத்த வடிவ விதிகளை, ஒட்டியவை, அதன் கையேட்டின் ஏழாம் பதிப்பு 2022இல் வெளிவந்தது. கட்டுரையை அனுப்பவிருக்கும் இதழ் தனக்கென்று வேறு விதி வகுத்திருந்தால் அந்த விதியே செல்லும்.

கேள்வி: அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. நடையில் தயாரித்த பட்டியல் கையில் இருக்கிறது. அதை அப்படியே சமூகவியல் இதழுக்கு அனுப்பலாமா?

பதில்: கூடாது. இரண்டுமே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் முன்வைக்கும் நடைகள் என்பதால் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆனால் ஏ.பி.ஏ. ஆண்டை அடைப்புக்குள் இடும், ஏ.எஸ்.ஏ. அடைப்பின்றி இட்டு முற்றுப்புள்ளி வைக்கும். ஏ.எஸ்.ஏ.யில் கட்டுரைத் தலைப்பு இரட்டை மேற்கோள்குறிக்குள் வரும்; கட்டுரையின் உடலில் பெயருக்கும் ஆண்டுக்கும் இடையே காற்புள்ளி வராது; பக்க எண் ஆண்டை ஒட்டி, முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளியின்றி வரும். இவற்றையெல்லாம் ஒரு மாலைப்பொழுதில் திருத்திவிடலாம். திருத்தக் கடினமானது பெயர்தான்: ஏ.பி.ஏ. முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொள்ள, ஏ.எஸ்.ஏ. ஆசிரியரின் முழு முன்பெயரைக் கேட்கிறது. முதலெழுத்தை மட்டும் குறித்து வைத்திருப்பவர் ஒவ்வொரு மூலத்தையும் மறுபடி தேடியெடுக்க வேண்டியிருக்கும். ஆகவே எந்த நடைக்கு எழுதினாலும் குறிப்பேட்டில் முழுப்பெயரையே பதிந்து வையுங்கள்.

கேள்வி: பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமின் தற்கொலை பற்றிய நூலை 1951இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். மூலம் வெளிவந்தது 1897இல். எந்த ஆண்டைக் குறிப்பது?

பதில்: இரண்டையும் குறிக்க வேண்டும். முதலில் வெளிவந்த ஆண்டைப் பகர அடைப்புக்குள் இட்டு, நீங்கள் கையாண்ட பதிப்பின் ஆண்டை அதன்பின் எழுதுங்கள்: [1897] 1951. கட்டுரையின் உடலிலும் இதே வடிவம்தான். 1951ஐ மட்டும் எழுதினால், 1917இலேயே மறைந்துவிட்ட ஒருவர் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வாதிட்டதாக ஆகிவிடும். 1897ஐ மட்டும் எழுதினால், நீங்கள் தரும் பக்க எண்ணைப் பிரெஞ்சு மூலத்தில் தேடி வாசகர் ஏமாறுவார்.

மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் தவறாமல் சேருங்கள்; பலரும் இதை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். புராட்டஸ்டண்ட் அறம் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் எழுதியதை டால்காட் பார்சன்ஸ் 1930இல் ஆங்கிலமாக்கினார். வெபருடையதாக உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் 'இரும்புக் கூண்டு' உண்மையில் பார்சன்ஸ் தேர்ந்த சொல். ஜெர்மன் மூலம் எஃகுபோல் இறுகிய ஓர் உறையைப் பற்றிப் பேசுகிறது, பிந்தைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை வேறு சொற்களால் தந்திருக்கிறார்கள். எந்த மொழிபெயர்ப்பு என்பது பட்டியலில் இல்லையென்றால், கட்டுரையாளர் அலசுவது யாருடைய சொல்லை என்பதே தெரியாமல் போகும்.

கேள்வி: ஒரே ஆசிரியரின் பல படைப்புகளை எந்த வரிசையில் அடுக்குவது?

பதில்: பழையது முதலில், புதியது பின்னால். அவர் தனித்து எழுதியவை முன்னும், பிறரோடு சேர்ந்து எழுதியவை பின்னும் வரும். ஒரே ஆண்டில் இரண்டு இருந்தால் தலைப்பின் அகரவரிசைப்படி ஆண்டோடு ஏ, பி என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்து, அதே எழுத்தைக் கட்டுரையின் உடலிலும் இடுங்கள். பெயருக்குப் பதிலாகக் கோடு போடும் பழைய வழக்கம் இப்போது வேண்டாம்.

கேள்வி: நானே எடுத்த நேர்காணல்களைப் பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். வாசகர் தேடிப் பெறக்கூடியவற்றுக்கே பட்டியலில் இடம். நேர்காணல்களை எப்போது, எப்படி நடத்தினீர்கள் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுங்கள். பேசியவர்களின் அடையாளத்தைக் காப்பதாக வாக்களித்துவிட்டுப் பட்டியலில் பெயரை அச்சிடுவது வடிவப் பிழை மட்டுமல்ல, ஆய்வு அறத்தையே மீறுவதாகும். படித்தும் கட்டுரையில் சுட்டாத நூல்களுக்கும் அங்கே இடமில்லை.

கேள்வி: ஸோடெரோ போன்ற மென்பொருள் பட்டியலைத் தானே அமைத்துத் தருகிறதே, அதை நம்பலாமா?

பதில்: நிறுத்தக்குறிகளுக்குப் பெரும்பாலும் நம்பலாம், தகவலுக்கு நம்பக்கூடாது. உள்ளே போன பிழையை அது அழகாக அடுக்கித் தரும். தொகுப்பு நூலின் ஓர் இயலை முழு நூலாகப் பதிந்துவிட்டால், இயலை எழுதியவரின் பெயரும் அதன் பக்க எண்களும் காணாமல்போய்ப் பதிப்பாசிரியரே எல்லாவற்றையும் எழுதியவர்போலத் தோன்றும். நான் கண்ட பிழைகளில் மிகுதியானது இதுதான். அச்செடுத்த படியில் ஒவ்வொரு சுட்டுக்கும் பட்டியலில் பதிவு உண்டா, ஒவ்வொரு பதிவுக்கும் உடலில் சுட்டு உண்டா என்று இருபுறமும் சரிபாருங்கள். கட்டுரையைத் திருத்தும்போது நீக்கிய பத்திகளின் மூலங்கள் பட்டியலில் மட்டும் தங்கிவிட்டிருப்பதை அப்போதுதான் காண்பீர்கள்.