முதலில் தாளா, திரையா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்தில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளராகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எந்த வேலை வந்தாலும் முதலில் பென்சிலில் வரைந்து பார்ப்பேன். தலைப்பு எங்கே, படம் எங்கே, என்ன வண்ணம் என்று எல்லாம் தாளில் முடிவான பிறகுதான் கணினியைத் தொடுவேன். பக்கத்து மேசையில் இருக்கும் அண்ணன் எனக்கு நேர் எதிர். போட்டோஷாப்பைத் திறந்து எதையாவது இழுத்துப் போடுவார், நகர்த்துவார், அழிப்பார். நான் ஒரு போஸ்டரை முடிப்பதற்குள் அவர் மூன்று காட்டிவிடுகிறார். வாடிக்கையாளர்கள் என்னுடையதைப் பார்த்து ‘நீட்டா இருக்கு’ என்று சொல்லிவிட்டு அவருடையதை எடுத்துக்கொள்கிறார்கள். முதலாளியோ ‘பிளான் பண்ணாம கை வைக்கக்கூடாது’ என்று என்னைப் பாராட்டி அவரைத் திட்டுகிறார். என் அம்மா புள்ளி வைத்துத்தான் கோலம் போடுவார். நானும் அப்படியே பழகியவள். இப்போது சந்தேகமாக இருக்கிறது. திட்டமிட்டுச் செய்வது சரியா, போகிற போக்கில் செய்வது சரியா?

க., பட்டர்வொர்த்

*

அன்புள்ள க.,

‘நீட்டா இருக்கு’ என்று சொல்லக் கேட்பதன் வலி எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் ‘கோப்பி நல்லா இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது மாதிரி.

முதலில் உங்கள் முதலாளி. அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ‘பிளான் பண்ணாமல் கை வைக்காதே’ என்பது எங்கள் காலத்துப் பாடம். நாங்கள் ஒழுக்கமானவர்களாக இருந்து அதைக் கற்றுக்கொள்ளவில்லை. கணினி ஏழையாக இருந்தது, அவ்வளவுதான். 1990-இல் வந்த முதல் போட்டோஷாப்பில் லேயரே கிடையாது, அதாவது படங்களைத் தனித்தனி அடுக்குகளாக வைக்கும் வசதி. ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினால் ஒட்டியதுதான். 1994-இல் மூன்றாம் பதிப்பில் லேயர் வந்தது. பல படிகள் பின்னால் போக விடும் ஹிஸ்டரி 1998-இல், ஐந்தாம் பதிப்பில் வந்தது. நான் ஜார்ஜ்டவுனில் வேலைக்குச் சேர்ந்தது இந்த இரண்டுக்கும் நடுவே. ஒரே ஒரு அன்டூ, கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும்தான் திரும்பப் பெறலாம். கணினிக்கு 16 எம்பி நினைவகம். லேயர் நான்கைத் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எல்லா லேயரையும் ஒன்றாக்கிச் சேமித்துவிடுவோம், பிறகு பிரிக்க முடியாது. ஒரு பெரிய படத்தை லேசாகச் சாய்க்கக் கட்டளை கொடுத்துவிட்டு, எதிர்ச்சாரி மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வந்தால் திரையில் பட்டை பாதி தூரம்தான் ஓடியிருக்கும். அப்படிப்பட்ட கணினியிடம் ‘சும்மா போட்டுப் பார்ப்போம்’ என்று யாருக்கும் வாய் வராது. தாள் வேகமாக இருந்ததால் தாளில் யோசித்தோம்.

இப்போது திரைதான் வேகம். உங்கள் அண்ணன் அதைப் புரிந்துகொண்டிருக்கிறார். அவர் யோசிக்காமல் செய்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் பென்சிலில் செய்வதை அவர் மவுஸில் செய்கிறார். காட்டுகிற மூன்றுக்குப் பின்னால் அழித்த முப்பது இருக்கும்.

புள்ளிக் கோலம் என்றீர்கள். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். ஏழுக்கு ஏழு புள்ளி வைத்தவுடன் கோலம் முடிவாகிவிடுகிறதா? அதே புள்ளிகளில் அம்மா இன்றைக்கு ஒன்று போடுவார், வெள்ளிக்கிழமை வேறொன்று போடுவார். நெளிவை எந்தப் பக்கம் திருப்புவது என்பது பல நாள் கை இறங்கிய பிறகுதான் தெரியும். நீங்கள் தாளில் செய்வதைப் படித்தால் அது புள்ளி வைப்பதாகத் தெரியவில்லை. தீபாவளிக்கு முன்னால் லிட்டில் இந்தியாவில் ஓட்டை போட்ட தட்டு விற்பார்களே, கோல அச்சு, அது மாதிரி இருக்கிறது. மாவைக் கொட்டித் தேய்த்தால் அப்படியே விழும். நீட்டாகத்தான் இருக்கும்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சங்கீத வகுப்பின் ஆண்டு விழாவுக்கு போஸ்டர். தாளில் வரைந்தபடியே செய்தேன். இடப்பக்கம் நாதஸ்வரம், வலப்பக்கம் தவில், நடுவில் எழுத்து. தராசு மாதிரி சமமாக நின்றது, பார்க்கச் சலிப்பாகவும் இருந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்த நாதஸ்வரப் படம் அது. சுவரை மறைக்க ஒரு மாஸ்க் போட்டிருந்தேன், படத்தில் வேண்டாத பகுதியை அழிக்காமல் மூடி வைக்கும் திரை அது. வேறெதற்கோ விசையை அழுத்தப்போய் மாஸ்க் தலைகீழாகிவிட்டது, மறைந்தது தெரிந்தது, தெரிந்தது மறைந்தது. சுவர் போஸ்டர் முழுக்கப் பரவிக்கொண்டது, நாதஸ்வரம் காணாமல் போனது, அது இருந்த இடத்தில் அதன் வடிவில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக, அடி லேயரில் நான் எப்போதோ போட்டு மறந்திருந்த கூட்டத்தின் புகைப்படம் தெரிந்தது. தலைகள், மல்லிகைச் சரம், நாதஸ்வரத்தின் அடியில் விரியும் அனசு வாயருகே ஒரு குழந்தையின் கை. அன்டூவுக்குப் போன விரலை இழுத்துக்கொண்டேன். தவிலைத் தூக்கிப் போட்டேன். அரை மணி நேரத்தில் போஸ்டர் முடிந்தது.

இதைத் தாளில் யோசித்திருக்கவே முடியாது. ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. நான் மாஸ்க் போட்டிருந்ததால்தான் அந்த விபத்துக்கே இடமிருந்தது. அவசரத்தில் அழிப்பானை எடுத்துச் சுவரை நிஜமாகவே அழித்திருந்தால் தலைகீழாவதற்கு அங்கே ஒன்றும் இருந்திருக்காது. கை போன போக்கில் விளையாட வேண்டும் என்றால் எதையும் அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கப் பழகியிருக்க வேண்டும். அண்ணனின் கோப்பு ஒன்றை ஒருநாள் திறந்து பாருங்கள். ‘லேயர் 47 காப்பி 3’ என்று பெயரில்லாமல் வரிசையாக நின்றால், அவர் லீவில் இருக்கும் நாளில் வாடிக்கையாளர் தேதியை மாற்றச் சொல்லி வரும்போது உட்கார்ந்து தேடப்போவது நீங்கள்தான். முதலாளி திட்டுவதில் அந்த மட்டும் நியாயம் உண்டு.

அப்புறம், அன்டூ எட்டாத இடங்கள் சில இருக்கின்றன. அதையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நண்பர்கள் சிலர் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். ஃபேஸ்புக்கில் போட ஓர் அறிவிப்பு கேட்டார்கள். திட்டம் எதுவும் இல்லாமல் 1080 புள்ளி (பிக்சல்) அகலத்தில் ஒரு கோப்பைத் திறந்து விளையாடினேன். இருட்டில் ஒரு வேல், அதன் நுனியில் மட்டும் ஒளி. எனக்கே பிடித்துப்போனது. அவர்களுக்கும் பிடித்துப்போய், தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால், இதையே பந்தலின் பின்புறத்துக்கு 20 அடி அகலத்தில் வேண்டும் என்றார்கள். நேரமில்லை. பெரிதாக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடி என்றால் 240 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு நாலரைப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் காய்ந்த பட்டாணி அளவு. மென்பொருள் அதைத் தன்னால் முடிந்தவரை மழுப்பிக் கொடுத்திருந்தது. அன்று பந்தலில் மோர் வாங்கிக் குடித்த ஒரு பாட்டி அண்ணாந்து பார்த்துவிட்டு, ‘என்ன தம்பி, முருகனுக்குக் கரண்டி வரைஞ்சிருக்கீங்க?’ என்றார்.

அந்த வேல் படத்தைப் புள்ளிகளாக இல்லாமல், கோடுகளாக வரையும் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் வளைகோடுகளாக வரைந்திருந்தால் 20 அடி என்ன, பத்துமலை முருகன் சிலையின் 42.7 மீட்டருக்கே இழுத்திருக்கலாம், விளிம்பு கூர்மையாக இருந்திருக்கும். பத்து நிமிட வேலை. எங்கே தொங்கப் போகிறது என்று ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை கேட்காததுதான் தப்பு.

வண்ணமும் அப்படித்தான். திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது, அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் ஜொலிக்கும் மயில் நீலம் அந்த நான்கு மைகளின் கலவைக்குள் அகப்படாது, தாளில் மந்தமாகத்தான் விழும். அச்சுக்குப் போகிற வேலையை முதல் நிமிடத்திலேயே அச்சு வண்ணத்தில் வைத்துவிட்டால் இந்த ஏமாற்றம் கடைசி நாளில் வராது. உங்கள் அச்சகத்தில் இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

எழுத்துதான் பெரிய தொல்லை, நம் ஊரில் குறிப்பாக. மூன்று மொழிகளில் அழைப்பிதழ் கேட்பார்கள். தமிழ் வரி எப்போதும் கடைசியில் வாட்சாப்பில் வரும். அதற்குள் நாம் ஏதாவது சின்ன வார்த்தையைப் போட்டுத் தலைப்பை அழகாக உட்கார வைத்திருப்போம். கோயிலின் பெயர் வந்ததும் பார்த்தால் ‘பாலதண்டாயுதபாணி’. ஒன்பது எழுத்து, உடைக்கவும் முடியாது, அதில் ‘ண்டா’வும் ‘ணி’யும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மொத்த அமைப்பும் சரியும். பொய் எழுத்தை வைத்து எவ்வளவு விளையாடினாலும் அந்த விளையாட்டு வீண். நிஜ எழுத்தைக் கையில் வாங்கிக்கொண்டு விளையாடினால், சில சமயம் அந்த ஒன்பது எழுத்தே போஸ்டரின் முதுகெலும்பாகிவிடும்.

கோலத்துக்கு வைக்கும் புள்ளி என்று நான் சொல்வது இவற்றைத்தான். அளவு, எங்கே வைக்கப் போகிறார்கள், அச்சா திரையா, முழு எழுத்து. இவை கையில் இல்லாமல் நான் கோப்பைத் திறப்பதில்லை. படம் இடமா வலமா, பின்னணி மஞ்சளா கருப்பா என்பதையெல்லாம் தாளில் முடிவு செய்வதை நிறுத்திப் பல வருடமாகிறது. பென்சிலை நான் விட்டுவிடவில்லை. கட்டை விரல் அளவுக்கு நாலைந்து கிறுக்கல், பத்து நிமிடம், அதோடு மூடிவிடுவேன். அதற்கு மேல் வரைந்தால் எனக்கு அந்தத் தாளின் மேல் பாசம் வந்துவிடுகிறது. பிறகு திரையில் அதைவிட நல்லது ஒன்று வந்து நின்றாலும் கண் அதைப் பார்ப்பதில்லை. உங்களுக்கும் அதுதான் நடக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

அடுத்த வேலைக்கு முயன்று பாருங்கள். அண்ணனிடம் போட்டியிட வேண்டாம், அரை மணி நேரம் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதை அழிக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். காட்டும்போது நீங்களும் ஒன்றுக்குப் பதில் இரண்டு காட்டுங்கள், ஒன்று தாளில் வரைந்தபடி, இன்னொன்று அதைக் கலைத்துப் போட்டது. எதை எடுக்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள். அளவு கேட்டு வாடிக்கையாளர் ‘கொஞ்சம் பெருசா’ என்று பதில் போட்டால் மட்டும், எத்தனை அடி என்று வாங்காமல் மவுஸைத் தொடாதீர்கள்.