செயலிக்கு ‘சிட்டா’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: மளிகை, ஜவுளிக் கடைகளுக்கு பில் போட்டுக் கணக்கும் வைக்கிற செயலி ஒன்றை நானும் என் தம்பியும் உருவாக்கியிருக்கிறோம். ‘சிட்டா’ என்று பெயர் யோசித்திருக்கிறோம். கணக்குச் சிட்டாவும் ஆச்சு, ‘சிட்டாப் பறக்கும்’ என்கிற வேகமும் ஆச்சு. சோனி, கேனன் மாதிரி பெயருக்குள் ஓர் அர்த்தம் ஒளிந்திருக்க வேண்டும் என்று ஆசை. பிறகு வடமாநிலங்களிலும் விற்கப் போகிறோம். இந்தப் பெயர் சரிவருமா? (கரூர் வாசகர்)

பதில்: அருமையான சிலேடை. தமிழ்க் காதுக்கு இரண்டு அர்த்தமும் உடனே பிடிபடுகிறது. ஆனாலும் இந்தப் பெயர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதற்கு, நீங்கள் சொன்ன அந்த இரண்டு பெயர்களிலேயே விடை இருக்கிறது.

சோனி 1946-ல் தொடங்கியபோது அதன் பெயர் டோக்கியோ சூஷின் கோக்யோ. வெளிநாட்டார் வாயில் நுழையாத பெயர். ஒலியைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘சோனஸ்’, துடிப்பான பையனைச் செல்லமாக அழைக்கும் ஆங்கிலச் சொல்லான ‘சன்னி’ இரண்டும் நிறுவனர்களுக்குப் பிடித்திருந்தன. ஆனால் ‘சன்னி’யை அதன் எழுத்துப்படி ஜப்பானியர் ‘சொன்-னி’ என்று படிப்பார்கள். ‘சொன்’ என்றால் அங்கே நஷ்டம்! இரண்டு ‘என்’ எழுத்துகளில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். 1955-ல் ரேடியோவில் வந்த அந்தப் பெயர், 1958-ல் நிறுவனத்தின் பெயராகவே ஆனது.

கேனன் கதை இன்னும் எனக்குப் பிடித்தது. 1934-ல் உருவான முதல் மாதிரி கேமராவுக்கு ‘குவானோன்’ என்று பெயர். ஜப்பானியர் வணங்கும் கருணைத் தெய்வம். அகத்தியருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் என்று தமிழ் பௌத்த மரபு கொண்டாடும் அவலோகிதர்தான் அங்கே குவானோன். லென்ஸுக்குப் புத்தரின் சீடர் காசியபரின் பெயர். உலகச் சந்தைக்குப் போக நினைத்தபோது, ஏறக்குறைய அதே ஓசையில், அளவுகோல் என்ற பொருளும் தரும் ‘கேனன்’ என்று மாற்றி 1935-ல் பதிவுக்குக் கொடுத்தார்கள்.

இருவருமே வாய்க்கும் காதுக்கும் ஏற்றபடி பெயரைச் செதுக்கினார்கள். செதுக்கியதில் அர்த்தம் தானாக உள்ளே போய்விட்டது. கதை தெரியாதவரும் சோனி என்று சிரமமில்லாமல் சொல்கிறார். உங்கள் ‘சிட்டா’வோ கதை தெரிந்தவரிடம் மட்டும்தான் வேலை செய்யும்.

தமிழ்நாட்டிலேயே சிட்டா என்றதும் பலருக்குப் பட்டாவும் தாலுகா ஆபீஸும்தான் ஞாபகம் வரும். ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘சித்தா’ என்றும் படிக்கலாம், வேகமாகப் படித்தால் ‘சீட்டா’ என்கிற சிவிங்கிப்புலியின் ஆங்கிலப் பெயராகவும் தோன்றும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் பஞ்சாபில். அங்கே ‘சிட்டா’ என்றால் வெள்ளை. பேச்சு வழக்கில் ஹெராயின். அங்கே பல குடும்பங்களை அழித்த சரக்கின் பெயரைக் கடைக்காரர் தன் கல்லா மேசையில் எப்படி வைத்துக்கொள்வார்? ‘சிட்டு’ என்று சுருக்கலாமே என்பீர்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அது சீட்டு மாதிரி இருக்கும். பணம் சம்பந்தப்பட்ட செயலிக்குச் சீட்டுக் கம்பெனி வாடையே வரக்கூடாது. சிட்டுக்குருவி உங்கள் லோகோவில் இருக்கட்டும், அழகாக இருக்கும்.

பெயரைக் கடைக்காரர்களின் வாயிலிருந்தே எடுங்கள். உதாரணத்துக்கு, ‘போணி’. நாளின் முதல் வியாபாரம். தெலுங்கிலும் ‘போணி’, இந்தியில் ‘போஹ்னி’. தமிழில் பாத்திரத்துக்கும் போணி என்று பேர் உண்டு, அதனால் உங்கள் சிலேடை ஆசையும் நிறைவேறும். இதையே வைக்கச் சொல்லவில்லை, யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கலாம். தேட வேண்டிய இடம் இதுதான் என்று காட்டுகிறேன்.

பெயர் கிடைத்ததும் போனில் நாலு பேரிடம் சொல்லி, கேட்டதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அமேசானுக்கு முதலில் ‘கடாப்ரா’ என்று பெயர் வைத்தார்கள். வக்கீலின் காதில் அது பிணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாக விழுந்தது, மாற்றிவிட்டார்கள். இந்தி, பஞ்சாபி, வங்காளி பேசும் நண்பர்களிடம் தெருப் பேச்சில் என்ன அர்த்தம் என்றும் கேளுங்கள். அகராதி அதைச் சொல்லாது.

அப்புறம் பதிவு. வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் எழுத்துப்படி மட்டுமல்ல, ஒலிப்படியும் தேடும் வசதி இருக்கிறது; இரண்டிலும் பாருங்கள். பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; மென்பொருளுக்கு 9-ம் வகுப்பு, இணையவழி மென்பொருள் சேவைக்கு 42-ம் வகுப்பு. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். இங்கேயும் ‘சிட்டா’வுக்கு ஒரு தடை உண்டு. கணக்குச் செயலிக்குக் கணக்கேட்டின் பெயரையே வைத்தால், பொருளை வெறுமனே விவரிக்கிற சொல் என்று 1999-ம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ம் பிரிவில் ஆட்சேபம் வரலாம். ‘போணி’ போன்ற சொல் பொருளை விவரிக்காமல் ஜாடையாகச் சுட்டுவதால் வாதாட இடம் இருக்கும்.

தேடி முடித்து விண்ணப்பம் போடும்வரை பெயரை வெளியே சொல்லாதீர்கள். விசிட்டிங் கார்டு அச்சடிப்பதும் அதற்குப் பிறகு போதும்.