நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் உம்ரா போகலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை, வேலை சென்னையில். சம்பளம் கைக்கு 60,000 ரூபாய். வாப்பாவையும் உம்மாவையும் ரமலானில் உம்ராவுக்கு (மக்கா புனிதப் பயணம்) அழைத்துப்போக ஆசை. மூன்று பேருக்கும் சேர்த்து 3 லட்சம் ஆகும். ஒரு பயணச் செயலியில் கிரெடிட் கார்டுக்கு ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ இருக்கிறது, மாதம் 25,000 வீதம் 12 தவணை. ஒரு ரூபாய்கூட அதிகம் இல்லாதபோது இது மார்க்கம் தடுத்த வட்டி ஆகுமா?

பதில்: வ அலைக்கும் ஸலாம். ஆகும் என்றுதான் நான் சொல்வேன். மார்க்கத் தீர்ப்பு உங்கள் ஊர் ஆலிம் (மார்க்க அறிஞர்) சொல்ல வேண்டியது. அவரிடம் கேட்கும் முன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கி 15 சதவீத வட்டி போடுகிறது என்று வைப்போம். 12 மாதமும் 25,000 கட்டினால், அதன் அசல் சுமார் 2,77,000 ரூபாய்தான். மீதி 23,000 வட்டி. அந்த 23,000-ஐ விற்பவர் விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுவதால் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி, அதுவே 4,100 ரூபாய்க்கு மேல். ஒரு ரூபாய்கூட அதிகமில்லை என்பது அங்கேயே அடிபட்டுப்போகிறது. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் பில்லில் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2022 முதல் விதி. வாங்கிய நண்பர் யாராவது இருந்தால் அவருடைய பில்லைப் பாருங்கள், ‘வட்டி’ என்ற வரி இருக்கும். ஒரு தவணை தவறினால் அபராதமும், கட்டாத தொகைக்கு வட்டியும் வேறு.

தவணை என்றாலே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குச் சற்றுக் கூடுதல் விலை என்று விற்பவரே விற்கலாம் என 1990-ல் ஜித்தாவில் கூடிய, இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் அமைப்பான சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. ஒப்பந்தத்தின்போதே விலை ஒன்றாக முடிவாகியிருக்க வேண்டும். தாமதமானால் அந்தத் தொகை ஏறக்கூடாது. ஆகவே டிராவல்ஸ்காரரே நேரடியாகத் தவணை தந்தால் கதை வேறு. நடுவில் வங்கி கடன் கொடுத்தால் அது கடன்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். மாதம் 25,000 கட்ட முடிகிறவருக்கு மாதம் 25,000 சேர்க்கவும் முடியும். அதே 12 மாதத்தில் அதே 3 லட்சம் கையில் இருக்கும். ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்று) உம்ரா ஆயுளில் ஒருமுறை கடமைதான், ஆனால் வசதி உள்ளவருக்கு. கடன் வாங்கி வசதியை வரவழைக்க யாரும் சொல்லவில்லை. மலேசியாவில் 1963-ல் தொடங்கிய தாபோங் ஹாஜி இந்த எண்ணத்தில் எழுந்ததுதான்: வட்டிக்கு அஞ்சி வங்கிப் பக்கம் போகாத கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்குச் சிறுகச் சிறுகச் சேர்க்க ஓர் இடம்.

இங்கே அப்படி ஓர் அமைப்பு இல்லை. வட்டித் தொழில்களைத் தவிர்க்கும் ஷரியா பங்கு ஃபண்டுகள் உண்டு, ஆனால் ஒரு வருடத்தில் எடுக்க வேண்டிய பணத்தைப் பங்குச் சந்தையில் போடவே போடாதீர்கள். சேமிப்புக் கணக்கிலேயே தனியாக வைத்து, வரும் வட்டியை நன்மை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆலிம்கள் பலரும் சொல்லும் வழி அது. ரமலானை விட்டு வேறு மாதம் பார்த்தால் கட்டணமும் நன்றாகக் குறையும். வாப்பா உம்மாவின் வயதுக்கு அந்த நெரிசல் இல்லாததும் நல்லது.

அப்புறம் பேக்கேஜ். ‘ஹரமுக்கு அருகில், 3 ஸ்டார் ஓட்டல் அல்லது அதற்கு இணையானது’ என்று போட்டிருந்தால் பணம் கட்டாதீர்கள். என்ன வாங்குகிறோம் என்றே தெளிவில்லாத வியாபாரத்தை, கரர் என்று மார்க்கம் தடுக்கிறது. ஓட்டல் பெயர், மக்காவின் புனிதப் பள்ளிவாசலான ஹரமிலிருந்து எத்தனை மீட்டர், அறைக்கு எத்தனை பேர், விமானம் எது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என எழுத்தில் வாங்குங்கள். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். பேக்கேஜ் விற்கும்போது அவர்கள் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டி.சி.எஸ்.ஸை வருமானவரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

செலவுக்கு ரியாலை முன்பணமாக ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு போதும். கிரெடிட் கார்டில் மக்காவில் பணம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.